சட்டைக்காரர் பனியன் கம்பெனிக்கு வந்த கதை

போன வாரம் புரொடக்ஷன் மேனேஜர் வேலைக்கு வந்த பயோடேட்டாக்களைப் புரட்டிக்கொண்டிருந்தேன். மொத்தம் பதினாறு. எல்லாவற்றிலும் முதல் வரி வருடக் கணக்குதான். '18 வருட அனுபவம்', '23 வருட அனுபவம்'. ஒருவர் 'கால் நூற்றாண்டு' என்றே போட்டிருந்தார். எங்கள் எச்.ஆர். தம்பி அந்த எண்ணைப் பார்த்துத்தான் பெரியதிலிருந்து சிறியதாக அடுக்கி வைத்திருந்தான். அவனைக் குறை சொல்ல வாயில்லை. 2013இல் இதே கட்டை என்னிடம் கொடுத்திருந்தால் நானும் அப்படித்தான் அடுக்கியிருப்பேன். சொல்லப்போனால் அந்த வருடம் எங்களுக்கு வந்த மேனேஜரின் பயோடேட்டாதான் கட்டில் முதலாவதாக இருந்தது.

அப்போது நான் திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி கம்பெனியில் (இங்கே டி-ஷர்ட்டும் பனியன்தான்) ஐ.இ. அதாவது இண்டஸ்ட்ரியல் இன்ஜினியர். பேர்தான் பெரிசு. கையில் ஸ்டாப்வாட்ச், இன்னொரு கையில் அட்டை; டெய்லர் முதுகுக்குப் பின்னால் நின்று ஒரு தோள்பட்டை அடிக்க எத்தனை வினாடி என்று எழுத வேண்டும். நான் வந்து நின்றாலே ஓரம் தைக்கிற ஓவர்லாக் மெஷின் அக்காக்கள் கையை மெதுவாக்கிவிடுவார்கள். டார்கெட் ஏற்ற வந்திருக்கிறான் என்று அவர்களுக்குத் தெரியும்.

அதுவரை எங்களுக்கு மேனேஜராக இருந்தவர் டெய்லராக ஆரம்பித்து மேலே வந்தவர். திருப்பூரில் இது அதிசயமில்லை. இங்கே முதலாளிகளிலேயே பலர் ஒரு காலத்தில் மெஷினில் உட்கார்ந்தவர்கள்தான். அவருக்கு மெஷின் சத்தத்தைக் கேட்டாலே எதில் நூல் இழுக்கிறது என்று தெரியும். ஆனால் லைனில், அதாவது பீஸ் கை மாறிக் கை மாறித் தைத்து வருகிற மெஷின் வரிசையில், எங்கேயாவது வேலை தேங்கினால், டெய்லரை எழுப்பிவிட்டுத் தானே உட்கார்ந்து அடிக்க ஆரம்பித்துவிடுவார். அவர் அடிப்பது பார்க்க அழகாக இருக்கும். அந்த நேரத்தில் மற்ற ஐந்து லைனும் அம்போ என்று கிடக்கும். ஆர்டரைக் கவனிக்கிற மெர்ச்சண்டைசர் போன் பண்ணினால் எடுக்கமாட்டார், கை வேலையில் இருக்கும். அவர் சொந்தமாக யூனிட் போடப் போனதும், முதலாளி இந்தத் தடவை 'ப்ரொஃபஷனலா' ஒரு ஆள் வேண்டும் என்று முடிவு பண்ணினார்.

வந்தவருக்கு ஊர் வேலூர்ப் பக்கம். வேலை பார்த்தது முழுக்க பெங்களூரில், 22 வருடம், எல்லாமே பெரிய பெரிய சட்டை ஃபேக்டரி. தேய்த்த சட்டை, பாக்கெட்டில் சின்ன டேப், ஒன்பதுக்கு ஐந்து நிமிடம் முன்னால் கேட்டில் நிற்பார். இரண்டாம் நாளே அவருக்குப் பெயர் வைத்துவிட்டார்கள்: சட்டைக்காரர்.

வெளியில் இருப்பவர்களுக்குச் சட்டையும் பனியனும் ஒன்றுதான். துணி வரும், வெட்டுவோம், தைப்போம், தேய்ப்போம், பெட்டியில் போடுவோம். எங்களுக்கே அப்படித்தான் தோன்றியது. சட்டை கஷ்டமான வேலை: காலர், கஃப், பட்டன், விறைப்புக்காக உள்ளே ஒட்டுகிற ஃபியூசிங் என்று ஒரு சட்டைக்கு இருபது நிமிடத் தையல் இருக்கும். ரவுண்ட் நெக் டி-ஷர்ட்டுக்கு ஆறு ஏழு நிமிடம். கஷ்டமானதைச் செய்தவருக்கு இது எம்மாத்திரம் என்று முதலாளி சொன்னார். நானும் தலையாட்டினேன்.

முதல் மாதம் அப்படித்தான் நடந்தது. எங்களுக்குப் போலோ டி-ஷர்ட் என்றாலே தலைவலி. கழுத்துக்குக் கீழே பட்டன் வைக்கிற அந்தப் பட்டி இருக்கிறதே, பிளாக்கெட், அது கோணும், கீழே சுருக்கம் விழும், இரண்டு பக்கமும் உயரம் ஒத்துவராது. நூறு பீஸுக்குப் பதினைந்து பீஸ் ஆல்டரேஷனுக்குத் திரும்பும். அவர் வந்து நின்று பத்து நிமிடம் பார்த்தார். ஃபியூசிங் பேப்பரை மாற்றினார், அட்டையில் ஒரு அச்சு வெட்டிக் கொடுத்து அதை வைத்து மடித்துத் தேய்த்த பிறகுதான் மெஷினுக்குப் போக வேண்டும் என்றார். ஒரே வாரத்தில் ஆல்டரேஷன் மூன்று நான்குக்கு இறங்கிவிட்டது. போலோவில் பிளாக்கெட்டும் காலரும் சட்டையின் சொந்தக்காரர்கள். அவருடைய 22 வருடமும் அந்த ஆறு அங்குலத்தில் அப்படியே வேலை செய்தது.

அதுதான் எங்களைக் கெடுத்தது என்று இப்போது தோன்றுகிறது. போலோவைச் சரிசெய்த மனிதரை அதன் பிறகு யார் கேள்வி கேட்பது?

செப்டம்பரில் ஒரு ஆர்டர். 4,200 பீஸ், காட்டன் லைக்ரா சிங்கிள் ஜெர்ஸி, அதாவது ரப்பர் மாதிரி இழுபடுகிற லைக்ரா நூல் கலந்த மெல்லிய பின்னல் துணி. டையிங்கில் நான்கு நாள் தாமதமாகி ஒரு சாயங்காலம் ஆறு மணிக்குத் துணி வந்து இறங்கியது. ஷிப்மென்ட்டுக்குப் பத்து நாள்கூட இல்லை. "நைட்டே கட்டிங் போடுங்க" என்றார் மேனேஜர்.

கட்டிங் மாஸ்டருக்கு அறுபது வயதிருக்கும். ரோலின் மேல் கையை வைத்தார், ஒரு ஓரத்தை இழுத்து விட்டார், அது சுருண்டுகொண்டு போவதைப் பார்த்தார். "சார், இது இன்னும் ரிலாக்ஸ் ஆகலீங்க. பிரிச்சுப் போட்டுட்டு நாளைக்குச் சாயந்தரம் வெட்டிக்கலாமுங்க" என்றார்.

விஷயம் இதுதான். பின்னலாடைத் துணி என்பது வளையம் வளையமாகக் கோத்தது. சாயம் போட்டு, காயவைத்து, மெஷினில் அமுக்கிக் காம்பேக்டிங் பண்ணி ரோலாகச் சுற்றும்போது அந்த வளையங்கள் இழுபட்ட நிலையில் மாட்டிக்கொள்ளும். ரோலைப் பிரித்துத் தளர்வாக மடித்துப் போட்டால் மெல்ல மெல்லப் பழைய நிலைக்குத் திரும்பும். லைக்ரா கலந்திருந்தால் ஒரு நாள் முழுக்கப் போட வேண்டும். அதற்கு முன்பே வெட்டினால், வெட்டிய பிறகு சுருங்கும். நெய்த சட்டைத் துணியில் ஊடும் பாவுமாக நூல் நேராக ஓடுவதால் இந்தத் தொல்லை அவ்வளவாகக் கிடையாது. ரோல் வந்தால் விரிக்கலாம், வெட்டலாம்.

மேனேஜர் கோபப்படவில்லை. சிரித்துக்கொண்டே, "மாஸ்டர், நாங்க அங்க ரோல் வந்த ஒரு மணி நேரத்துல வெட்டுவோம். டென்ஷன் இல்லாம, இழுக்காம விரிச்சு லே பண்ணுங்க, போதும்" என்றார். மாஸ்டர் என்னைப் பார்த்தார். எனக்கும் ரிலாக்சேஷன் பற்றித் தெரியும். படிப்பில் ஒரு பக்கம் முழுக்க எழுதியிருக்கிறேன். ஆனால் அவருடைய 22 வருடத்துக்கு முன்னால் என் நான்கு வருடம் எந்த மூலைக்கு? வாயைத் திறக்கவில்லை. மாஸ்டர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "சரிங்க" என்று கத்தியை எடுத்தார்.

இரண்டு இரவில் மொத்தமும் வெட்டி முடித்தாயிற்று. தைத்து வந்தபோது நீளம் ஒரு சென்டிமீட்டர் குறைந்தது. டாலரன்ஸுக்குள், அதாவது ஒத்துக்கொள்கிற வித்தியாசத்துக்குள் இருக்கிறது என்று விட்டோம். நான்காம் நாள் மத்தியானம் அயர்ன் டேபிளில் நிற்கிற அக்கா ஒரு பீஸைத் தூக்கிக்கொண்டு வந்தது. "ஏனுங்க, இது பெரியவங்களுக்கா, பசங்களுக்கா?" நீராவி பட்டதும் இன்னொரு சென்டிமீட்டருக்கு மேல் ஏறியிருந்தது. 70 இருக்க வேண்டிய இடத்தில் டேப் 67.5 காட்டியது. அடுத்தது 68. அதற்கடுத்தது 67.5. மேனேஜர் தன் பாக்கெட்டிலிருந்த டேப்பை எடுத்து அவரே அளந்தார். பத்துப் பீஸ் அளந்திருப்பார். பிறகு டேப்பைச் சுருட்டி உள்ளே வைத்துவிட்டு ஒன்றும் பேசாமல் கட்டிங் செக்ஷனுக்கு நடந்தார்.

வெட்டிய துணியை நீட்டவா முடியும்? மறுபடி நூல் வாங்கி, ஓட்டி, சாயம் போட்டு, தைத்து, சென்னையிலிருந்து விமானத்தில் அனுப்பினோம். கப்பலில் போக வேண்டிய சரக்கு விமானத்தில் போனால் லாபம் என்ற பேச்சே கிடையாது. முதலாளி மூன்று நாள் வந்து வந்து போனார், யாரிடமும் பேசவில்லை. அவர் கத்தியிருந்தால் தேவலை.

அந்தச் சம்பவம் மட்டும் என்றால் ஒரு தவறு என்று விட்டுவிடலாம். எனக்கு மெதுவாகத்தான் இன்னொன்று புரிந்தது. அவருடைய பொறுமையே வேறு மாதிரி பழகியிருந்தது. பெங்களூரில் ஒரு ஸ்டைல் என்றால் 40,000 சட்டை. முதல் நாள் லைன் தள்ளாடும், ஐந்தாறு நாளில் கை பழகிவிடும், அப்புறம் மூன்று வாரம் தண்ணீர் மாதிரி ஓடும். அதனால் ஒரு ஸ்டைல் ஏற்றினால் முதல் இரண்டு நாள் அவர் லைன் பக்கம் போகவேமாட்டார். 'செட்டில் ஆகட்டும்' என்பார். எங்களிடம் ஆர்டரே 3,500 பீஸ். 24 பேர் லைன், எட்டு மணி நேரம், பீஸுக்கு ஆறு நிமிடம் என்றால் காகிதத்தில் ஒரு நாளைக்கு 1,920 வரும். நிஜத்தில் 1,100, 1,150. மூன்று நாளில் ஸ்டைல் முடிந்துவிடும். லைன் செட்டில் ஆவதற்குள் அடுத்த ஸ்டைல் வந்து நிற்கும். எங்களுக்கு வேண்டியது முதல் நாள் காலை இரண்டு மணி நேரத்தில் லைனைக் கிளப்புகிற ஆள். அவருக்குப் பழக்கம் பதினைந்தாம் நாளில் ஓடுகிற லைனை இன்னும் ஐந்து சதவீதம் ஏற்றுவது. இரண்டுக்கும் பயோடேட்டாவில் ஒரே வார்த்தைதான்: 'லைன் எஃபிஷியன்சி'.

ஆட்களையும் கலைத்தார். யாருக்கு எந்த மெஷின் எவ்வளவு வரும் என்று கட்டம் போட்டு, நான்தான் அந்தக் கட்டத்தை நிரப்பிக் கொடுத்தேன், ஆறு லைன் ஆட்களையும் திறமைப்படி பிரித்துச் சமமாக்கினார். காகிதத்தில் அவ்வளவு அழகு. எங்கள் லைன்களில் பாதிப் பேர் ஒரே ஊரிலிருந்து ஒரே பஸ்ஸில் வருகிறவர்கள். தோள் அடிக்கிற அக்காவுக்கு, ரிப் என்கிற கழுத்துப் பட்டையை ஏற்றுகிற பையன் எந்தப் பக்கம் பீஸை எதிர்பார்ப்பான் என்று தெரியும். திருப்பி வைத்துத் தள்ளும். இதையெல்லாம் எந்தக் கட்டத்தில் எழுதுவது? 1,100 வந்த லைன் 800க்கு இறங்கியது. இரண்டு சனிக்கிழமை சம்பளம் வாங்கிக்கொண்டு பதினோரு பேர் பக்கத்துக் கம்பெனிக்குப் போனார்கள். மாதச் சம்பளமும் வருகைப் போனஸும் உள்ள இடத்தில் ஆட்களை அப்படி நகர்த்தலாமோ என்னவோ. வாரச் சம்பள ஊரில், சனிக்கிழமை ராத்திரி கணக்கு முடிந்தால் திங்கட்கிழமை காலை அவரவர் இஷ்டம்.

பின்னாளில் ஹார்வர்டைச் சேர்ந்த ராபர்ட் ஹக்மன் இன்னும் சிலரோடு சேர்ந்து செய்த இரண்டு ஆய்வுகளைப் படித்தேன். ஒன்று, பென்சில்வேனியாவில் ஒரே சமயத்தில் பல மருத்துவமனைகளில் ஆபரேஷன் செய்கிற இதய அறுவை மருத்துவர்களைப் பற்றியது, 2006இல் வந்தது. ஒரு மருத்துவமனையில் அதிகம் செய்யச் செய்ய அங்கே அவருடைய நோயாளிகள் பிழைப்பது கூடுகிறது. அதே மருத்துவர், அதே கை, இன்னொரு மருத்துவமனைக்குப் போனால் அந்த முன்னேற்றம் கூடவே வருவதில்லை. சுற்றி நிற்கிறவர்கள் வேறு ஆட்கள், அவ்வளவுதான். இன்னொன்று 2009இல் வந்தது, நம்மூர்ச் சங்கதி: ஒரு இந்திய மென்பொருள் சேவை நிறுவனத்தின் குழுக்களைப் பார்த்திருக்கிறார்கள். கம்பெனியில் எத்தனை வருடம் என்ற கணக்குக்கும் குழுவின் வேலைத் தரத்துக்கும் நிலையான தொடர்பு எதுவும் தெரியவில்லை. அதே பொறுப்பில் எத்தனை வருடம் இருந்தார் என்பது உதவியது. குழுவில் இருப்பவர்கள் முன்பு எத்தனை தடவை சேர்ந்து வேலை செய்தார்கள் என்பதும் நன்றாகவே உதவியது. படித்துவிட்டு அந்தத் தோள் அடிக்கிற அக்காவைத்தான் நினைத்துக்கொண்டேன்.

எங்கள் ஆள் வந்த அதே 2013இல் அமெரிக்காவில் இதையே பெரிய அளவில் ஒருவர் அனுபவித்து முடித்திருந்தார். ஆப்பிள் கடைகளை உருவாக்கிக் கொடி நாட்டிய ரான் ஜான்சன், 2011 நவம்பரில் ஜே.சி. பென்னி என்கிற பழைய துணிக்கடை நிறுவனத்துக்குத் தலைவராகப் போனார். கூப்பனையும் தள்ளுபடியையும் எடுத்துவிட்டு எப்போதும் ஒரே விலை என்றார். ஐபோன் வாங்க வருகிறவன் பேரம் பேசமாட்டான், சரி. ஜே.சி. பென்னிக்கு வருகிற அம்மாக்களுக்குக் கூப்பனை வெட்டிக்கொண்டு போய்க் கொடுப்பதில்தான் கடைக்குப் போகிற சந்தோஷமே. நம் ஆடித் தள்ளுபடியை யாராவது நிறுத்திப் பார்க்கட்டும்! 2012இல் விற்பனை நான்கில் ஒரு பங்கு விழுந்தது. 2013 ஏப்ரலில் அவரை அனுப்பிவிட்டார்கள். சில்லறை வியாபாரமே தெரியாத ஒருவர் அங்கே போயிருந்தால் கடைக்கார அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்டிருப்பாரோ என்று நினைத்துக்கொள்வேன்.

இப்படி நினைக்கக் காரணம் உண்டு. சட்டைக்காரர் ஒன்பது மாதத்தில் பெங்களூருக்குத் திரும்பிவிட்டார். மரியாதையாகத்தான் அனுப்பினோம், கடைசி நாளில் கட்டிங் மாஸ்டரிடம் தனியாகப் போய்க் கைகொடுத்துவிட்டுப் போனார். அடுத்து வந்தவர் கோயம்புத்தூரில் பம்ப் செட் கம்பெனியில் இருந்தவர். முதலாளிக்கு உறவு. துணியைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஓவர்லாக்குக்கும் ஃபிளாட்லாக்குக்கும் வித்தியாசம் கேட்டார். லைனில் சிரித்தார்கள். நானும்தான்.

அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். "இந்தக் கட்டு ஏன் இங்க கிடக்குது?" என்பார். அடுத்த மெஷினுக்குங்க. "அப்ப ஏன் போகலை?" 25 பீஸ் சேர்ந்தாத்தான் கட்டுங்க. "ஏன் 25?" யாருக்கும் பதில் தெரியவில்லை. எப்போதும் 25தான். ஒருநாள் அவரே உட்கார்ந்து எண்ணினார்: தோளுக்கும் கழுத்துக்கும் நடுவில் மட்டும் 600 பீஸ். கட்டைப் பத்தாகக் குறைத்தார். தோளில் தப்பு வந்தால் முன்பு மறுநாள் செக்கிங்கில் தெரியும். இப்போது அரை மணியில் தெரிந்தது. பழைய லைன் ஆட்களைத் திரும்ப ஒன்று சேர்த்ததும் அவர்தான். அதற்குக் கட்டம் எதுவும் போடவில்லை. யார் யாரோடு சாப்பிட உட்காருகிறார்கள் என்று மத்தியானம் பார்த்தார்.

அவரும் ஒரு இடத்தில் வசமாக மாட்டினார். பம்ப் கம்பெனியில் எல்லாரும் நிரந்தரத் தொழிலாளிகள். தீபாவளிக்கு மூன்று நாள் லீவு என்றால் நான்காம் நாள் காலை சங்கு ஊதும்போது ஆள் இருப்பார்கள். அதே நினைப்பில் தீபாவளி முடிந்த வாரத்தில் ஷிப்மென்ட் தேதியை ஒத்துக்கொண்டுவிட்டார். திருப்பூரில் தீபாவளி போனஸ் வாங்கி ஊருக்குப் போனவர்கள் பத்து நாளுக்குள் திரும்பினால் அதிசயம். ஆறு லைனில் ஒரு லைனுக்குக்கூட ஆள் சேரவில்லை. அதை மட்டும் அவர் கேட்கவே இல்லை, ஏனென்றால் தீபாவளி அவருக்குத் தெரிந்த விஷயம்.

அங்கேதான் எனக்கு ஒரு விஷயம் பிடிபட்டது என்று நினைத்தேன். தெரியாதது நம்மைக் கவிழ்ப்பதில்லை, கேட்டுக்கொள்கிறோம். தெரிந்ததைப் போலவே இருப்பதுதான் கவிழ்க்கிறது. ரொம்பத் தெளிவாகிவிட்டதாக ஒரு நினைப்பு. ரூமில் நண்பர்களிடம் இதைப் பெரிதாகப் பேசியும் இருக்கிறேன்.

2019இல் நானே புரொடக்ஷன் மேனேஜராக வேறொரு கம்பெனிக்குப் போனேன். ஸ்போர்ட்ஸ்வேர், முழுக்கப் பாலியெஸ்டர். பத்து வருடம் காட்டனில் ஊறியவன். தையல், லைன், கட்டு, ஆள், எல்லாம் பார்த்துப் பார்த்துக் கேட்டேன். நோட்டுப் போட்டு எழுதினேன். இரண்டாம் மாதம் சிவப்பு ஜெர்ஸி ஒன்று, முதுகில் வெள்ளை நம்பர் பிரிண்ட். பிரிண்டிங் யூனிட்டிலிருந்து வந்த தம்பி, "சார், இது பாலியெஸ்டருங்க, இங்க் வேற போடணும்னு..." என்று இழுத்தான். வேறு இங்க் என்றால் வர இரண்டு நாள். பிரிண்ட் என்பது பத்து வருடமாக நான் அப்ரூவல் கையெழுத்துப் போட்ட விஷயம்.

"தெரியும் தம்பி. வழக்கமான இங்க்கே போடுங்க, 160 டிகிரி சூட்டுல கியூர் பண்ணுங்க" என்றேன்.

பாலியெஸ்டரில் ஏற்றுகிற சாயம் அந்தச் சூட்டில் ஆவியாகி மேலே கிளம்பும். பிரிண்ட் பண்ணின அன்று வெள்ளை பளபளவென்று இருந்தது. மூன்றாம் நாள் பேக்கிங்கில் பெட்டியைப் பிரித்தால் எல்லா நம்பரும் ரோஸ். கீழே இருக்கிற சிவப்பு அப்படியே வெள்ளைக்குள் ஏறியிருந்தது. மேல் பெட்டியில் இளம் ரோஸ், அடிப் பெட்டியில் நல்ல ரோஸ்.

அன்று ராத்திரி, ஏன் என்று தெரியவில்லை, சட்டைக்காரருக்குப் போன் பண்ணினேன். ஆறு வருடம் கழித்து. இரண்டு ரிங்கில் எடுத்தார். குடும்பம், குழந்தை எல்லாம் விசாரித்தார். நான் நடந்ததைச் சொன்னேன். அந்தத் தம்பி இழுத்ததையும், நான் சொன்ன பதிலையும் சேர்த்துத்தான். அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை.

"எத்தனை பீஸ்?" என்று கேட்டார்.

"1,800 சார்."

"என்னுது 4,200" என்றார்.